வெளியீட்டுக்கு முந்தைய வடிவங்கள்: பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ரசிகர் ஒலிநாடாக்கள், 1972–1975

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டு 1973 மார்ச்சில் கடைகளுக்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக, 1972 ஜனவரி 20 அன்று, இங்கிலாந்தின் பிரைட்டன் டோம் அரங்கில் குழு அதை மேடையேற்றிவிட்டது. கருவிக் கோளாறால் அன்று பாதியில் நிறுத்த நேர்ந்தது. பிப்ரவரி 17 முதல் 20 வரை லண்டன் ரெயின்போ தியேட்டரில் நான்கு இரவுகளும் முழுமையாக வாசித்தார்கள். அவற்றில் ஓர் இரவை இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு ரசிகர் ஒலிநாடாவில் பிடித்தார். அந்த நாடா இசைத்தட்டாக அச்சேறி, அசல் தட்டு பிறப்பதற்கு முன்பே கைமாறத் தொடங்கியது.

இப்படிப்பட்ட பதிவுகளைச் சட்டமீறலாக மட்டுமோ, சேகரிப்பாளர்களின் மோகமாக மட்டுமோ பார்ப்பது போதாது. 1970களின் ப்ரோக்ரெஸிவ் ராக் குழுக்கள் நீண்ட படைப்புகளை மேடையிலேயே வளர்த்தன. ஸ்டுடியோவில் தயாரான தட்டு, அந்த வளர்ச்சி முடிந்த நிலையை மட்டுமே காட்டும். ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் படிகள் நாவல் ஆய்வுக்கு என்ன தருமோ, அதை இந்த இசைக்கு ரசிகர் நாடாக்கள் தருகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரெயின்போ நாடாவையே எடுத்துக்கொள்வோம். தட்டில் ‘ஆன் தி ரன்’ என்ற பெயரில் சிந்தசைசர் பாய்ச்சலாக ஒலிக்கும் பகுதி, 1972இல் கிட்டாரும் விசைக்கருவியும் மாறி மாறிப் பேசும் தளர்வான வாசிப்பாக இருந்தது. பின்னாளில் கிளேர் டோரியின் சொல்லற்ற குரலால் புகழ்பெற்ற ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இருக்கும் இடத்தில், அப்போது ஆர்கன் இசையின் மேல் பைபிள் வாசிப்பின் ஒலிப்பதிவு ஓடியது. முடிவுப் பாடலான ‘எக்லிப்ஸ்’ முதல் நிகழ்ச்சிகளில் இல்லை. சுற்றுப்பயணம் தொடங்கிய பிறகு குழு உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் அதை எழுதிச் சேர்த்தார். இந்த மாற்றங்களை உறுப்பினர்களின் பிற்கால நினைவுகளை மட்டும் நம்பி அறிய வேண்டியதில்லை. காதால் கேட்டே உறுதி செய்யலாம்.

இதற்கான தொழில்நுட்பம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969 நவம்பரில் ஓக்லாந்தில் நடத்திய நிகழ்ச்சியை, ஊஹர் சுருள்நாடாக் கருவியையும் நீண்ட குழல் போன்ற சென்ஹைசர் மைக்கையும் உள்ளே கொண்டுபோய்ப் பதிந்தார்கள். ரசிகர் இருக்கையிலிருந்து தெளிவான ஒலியைப் பிடிக்க முடியும் என்பதை அந்தப் பதிவு மெய்ப்பித்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், முதலில் பேச்சைப் பதிவதற்கான எளிய சாதனமாகவே கருதப்பட்டது. நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஊரும் மெல்லிய நாடாவில் இரைச்சல் மிகுதி. டால்பி இரைச்சல் குறைப்பும் குரோமியம் ஆக்சைடு பூசிய நாடாவும் வந்த பிறகே இசையைப் பதியும் தகுதி அதற்குக் கிடைத்தது. 1970களின் நடுவில் மின்கலத்தில் ஓடும் நகாமிச்சி 550 வந்தபோது, தனியொரு ரசிகரால் ஒரு கச்சேரியைக் கௌரவமான தரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

1974 நவம்பர் 19 அன்று ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் அருகே டிரென்தம் கார்டன்ஸில் பதிவான நாடா அடுத்த கட்டம். அன்று குழு வாசித்த மூன்று புதிய படைப்புகளில் ஒன்றுகூட அப்போது தட்டாகியிருக்கவில்லை: ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’, ‘ரேவிங் அண்ட் ட்ரூலிங்’, ‘யூ’வ் காட் டு பி கிரேஸி’. அந்த நாடாவிலிருந்து அச்சான கள்ளத் தட்டு பாடல் வரிகளுடன் நேர்த்தியாக வந்ததால், குழுவின் அடுத்த தொகுப்பு இதுவே என்று நம்பி வாங்கியவர்கள் பலர். பின்னிரண்டு பாடல்களும் பெயரும் உருவமும் மாறி, ‘ஷீப்’, ‘டாக்ஸ்’ என 1977இல் ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்றன.

எல்லாவற்றிலும் செறிவான சான்று, 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரினாவில் மைக் மில்லார்ட் என்ற ரசிகர் செய்த பதிவு. ஏப்ரல் 23 முதல் 27 வரை குழு அங்கே ஐந்து இரவுகள் வாசித்தது. அரங்கைச் சுற்றிக் காவல்துறை கஞ்சா வேட்டை நடத்தியது. அந்த ஐந்து இரவுகளில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அத்தனை கெடுபிடிக்கு நடுவில் ஏகேஜி 451 மைக்குகளையும் நகாமிச்சியையும் உள்ளே கொண்டுபோவது துணிச்சலான காரியம். கருவியை மறைக்க மில்லார்ட் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

ஆனால் ஆய்வாளருக்கு முக்கியம் அந்த நாள் எங்கே விழுகிறது என்பதுதான். ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பின் பதிவு 1975 ஜனவரியில் அபே ரோடு ஸ்டுடியோவில் தொடங்கி ஜூலை வரை நீண்டது. அமெரிக்கப் பயணம் அந்தப் பணிக்கு நடுவே வந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் டிரென்தமில் ‘ஷைன் ஆன்’ இடைமுறிவின்றி ஒரே படைப்பாக ஒலித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நாடாவிலோ அது இரண்டாகப் பிளந்து, நடுவில் ‘ஹேவ் எ சிகார்’ அமர்ந்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் தட்டு வந்தபோது, அந்த இரு பாதிகளும் தொகுப்பின் இரு முனைகளாகி, இடையில் மூன்று பாடல்களைத் தாங்கின. ஒரு படைப்பின் கட்டமைப்பு பாதி வழியில் இருந்த நிலையை இந்த நாடா பிடித்து வைத்திருக்கிறது. தட்டில் ‘ஹேவ் எ சிகார்’ பாடியது விருந்தினரான ராய் ஹார்ப்பர். மேடையில் அதைக் குழுவினரே பாடுகிறார்கள். அந்தக் குரல் மாற்றம் எவ்வளவு தாமதமாக நிகழ்ந்தது என்பதும் இங்கேதான் கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிங்க் ஃப்ளாய்ட் மேடையில் மட்டுமின்றி அரங்கின் பின்புறத்திலும் ஒலிபெருக்கிகளை வைத்து, ஒலியை ரசிகர்களைச் சுற்றி நகர்த்திய குழு. கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவில் கூடத்தின் அதிர்வும் கூட்டத்தின் மூச்சும் நுழைவதில்லை. இருக்கையிலிருந்து எடுத்த பதிவு, அந்த இசை கேட்கப்பட்ட விதத்துக்கே சாட்சி. அதை நான் குறையாகக் கருதவில்லை.

இதன் மறுபக்கமும் கனமானது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1972 பிப்ரவரி 15 முதல் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை அளித்தது. மேடை நிகழ்ச்சியை அனுமதியின்றிப் பதிவதற்கான தனித் தடை 1994இல்தான் வந்தது. கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் இத்தகைய பதிவை இன்னும் ஆழமாக எதிர்த்தார்: வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அந்தக் கணத்தில் உருவாகும் உறவையே அது குலைக்கிறது என்பது அவர் நிலை. அந்த எதிர்ப்பை மதித்தாக வேண்டும். எனினும், 1992இல் அவர் தொடங்கிய டிஜிஎம் நிறுவனமே பின்னர் ரசிகர் நாடாக்கள் சிலவற்றைத் தன் காப்பக வெளியீடுகளில் சேர்த்துக்கொண்டது. பதிந்தவரையும் அதை அச்சிட்டு விற்றவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமில்லை என்பதே என் துணிபு. தன் நாடாக்கள் வணிகர் கைக்குப் போகாதபடி மில்லார்ட் கவனமாக இருந்தார். தான் பிறருக்குக் கொடுத்த பிரதிகளில் அடையாளங்களையும் ஒளித்து வைத்தார்.

1979 நவம்பரில் வெளியான ‘தி வால்’, 1980 பிப்ரவரியில்தான் அதே லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் முதன்முறையாக மேடை ஏறியது. முதலில் தட்டு, பிறகு மேடை என்று வரிசை புரண்டுவிட்டது. அந்தப் படைப்புக்கு 1972 போன்ற, 1975 போன்ற மேடை வரைவு எதுவும் கிடையாது.

மில்லார்ட் 1994இல் இறந்தார். மூல நாடாக்களை அவர் அழித்துவிட்டதாகப் பரவிய செய்தி பொய்யாயிற்று. பல மூலங்கள் பிழைத்திருந்து, டிஜிட்டல் வடிவம் பெற்றன. 2025 டிசம்பரில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஐம்பதாம் ஆண்டு வெளியீட்டில், ஏப்ரல் 26 பதிவை ஸ்டீவன் வில்சன் சீரமைத்த வடிவத்தில் குழுவே அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. கேட்பதற்கு அது அருமையான பதிப்பு. ஆய்வுக்கு அது மட்டும் போதாது: சீரமைப்பு எதைத் துலக்கியது, எதை அடக்கியது என்று ஒப்பிட, நாடாவின் கைபடாத டிஜிட்டல் பிரதியும் அதன் பக்கத்திலேயே பாதுகாக்கப்பட வேண்டும்.