முடிதிருத்தும் கூலி

கோதுமைக்கும் பருத்திக்கும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விலை. கப்பல் வாணிகம் அதனைச் சமன்செய்துவிடுகிறது. முடிதிருத்தும் கூலியோ அவ்வாறன்று. நியூயார்க்கில் ஒருவர் அதற்குக் கொடுக்கும் தொகையை ரூபாயாக மாற்றினால், டில்லியில் பலர் முடிதிருத்திக்கொள்ளலாம். கத்தரியும் ஒன்று, கைத்திறனும் ஒன்று; வேற்றுமை எங்கிருந்து வந்தது என நேயர்கள் வினவலாம்.

தொழில் செழித்த நாடுகளில் உள்நாட்டுப் பண்டங்களின் விலை உயர்ந்திருப்பதை டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே குறித்தார். காரணத்தை விரித்துரைத்தவர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும். இருவரும் 1964-இல் தனித்தனியே எழுதினர். இயந்திரத் துணையால் ஆலைத் தொழிலாளியின் உற்பத்தி பெருகுகிறது, கூலியும் உயர்கிறது. முடிதிருத்துபவருக்கும் அதையொட்டிக் கொடுக்காவிடில் அவர் ஆலைக்குப் போய்விடுவார். ஏழை நாட்டில் அவரை அழைக்க அத்தகைய ஆலைகள் குறைவு. பம்பாயில் பிறந்த ஜகதீஷ் பகவதி 1984-இல் வேறொரு காரணம் காட்டினார்: மூலதனம் அருகி ஆட்கள் மிகுந்த நாட்டில், உழைப்பையே நம்பிய பணிகள் மலிந்துவிடும்.

ஆகவே, நாணய மாற்று விகிதத்தை மட்டும் கொண்டு நாடுகளின் வருமானத்தை ஒப்பிடுதல் பிழை. ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் 1968-இல் விலைகளையே திரட்டி ஒப்பிடத் தொடங்கின. 1970-ஆம் ஆண்டுக்குரிய முதல் ஒப்பீட்டில் இடம்பெற்ற பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மாற்று விகிதம் காட்டியதினும் ரூபாயின் வாங்கும் சக்தி மிகப் பெரிதெனத் தெரிந்தது. ஆயினும், நாம் மகிழும் அந்த மலிவில் ஒரு பங்கு முடிதிருத்துபவரின் குறைந்த கூலியே. அவர் வாங்கும் இறக்குமதிப் பாமாயிலுக்கோ உலகச் சந்தை விலையையொட்டியே கொடுக்கவேண்டும்.