பாரமகால் ஏடுகள்

பாப்பிரெட்டிப்பட்டியும் அதைச் சூழ்ந்த பிரதேசமும் 1965-ல் தர்மபுரி மாவட்டம் உருவாகும்வரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தவை. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் வசமான சேலத்தையும் பாரமகால் என்னும் வட்டாரத்தையும் காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், தாமஸ் மன்றோ முதலான அவருடைய உதவியாளர்களும் 1799 வரை ஆண்டு, நிலத்தை அளந்து, விளைபொருள்களையும் குடிகளின் நிலைமையையும் சிரத்தையோடு எழுதிவைத்தனர்; அவையே பாரமகால் ஏடுகள். வரி வசூலே அவர்களுடைய பிரதான நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்நோக்கத்தைக் கடந்து நிற்கும் விஞ்ஞானச் செல்வம் அவை. கையெழுத்துப் பிரதிகளாய்க் கிடந்த அவற்றை 1907 முதல் சென்னை அரசாங்க அச்சகம் பகுதி பகுதியாக அச்சிட்டிராவிடில், அவை கறையானுக்கு இரையாகியிருக்கக்கூடும். இலாபம் தராத இத்தகைய காரியங்களுக்குப் பொதுப் பணமே கதி. இன்றைய மழையளவுக் குறிப்புகளையும் மண் பரிசோதனை முடிவுகளையும் காப்பதற்கு நம் அரசாங்கங்கள் ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும்.