தன்மையிலிருந்து படர்க்கைக்கு

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கு. உலகக்கோப்பையை வெல்லப் பிரேசிலுக்குச் சமநிலையே போதும். ஆட்டம் 1–1 என நின்றபோது, 79ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த பந்து, கோல்கீப்பர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே புகுந்தது. பிரேசில் தோற்றது.

ரசிகர்கள் தம் அணி வீரர்களை அளவுமீறிக் கடிகிறார்களா என்ற வினாவுக்கு இவ்வாட்டம் ஒரு விடை தருகிறது. உருகுவேயின் முதல் கோலுக்குக் கிஜ்ஜியா பந்தைக் குறுக்கே அனுப்பியிருந்தார். மீண்டும் அவ்வாறே செய்வார் எனக் கருதிப் பார்போசா முன்னகர்ந்தார். அக்கணிப்பைக் குறைகூறுவது விமர்சனம்; அதில் தவறில்லை.

நடந்ததோ வேறு. பதினொருவரின் தோல்விக்குப் பெரும்பழி சுமந்தோர் பார்போசா, பிகோடி, ஜுவெனால் என்னும் மூவர். மூவரும் கறுப்பினத்தவர். உலகக்கோப்பையில் பிரேசிலின் முதன்மைக் கோல்கீப்பராக மீண்டும் ஒரு கறுப்பினத்தவரான டீடா நின்றது 2006இல்தான். அன்று பிரேசிலில் எக்குற்றத்துக்கும் உச்சச் சிறைத்தண்டனை முப்பது ஆண்டுகளாகவே இருந்தது. தாமோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவிப்பதாகப் பார்போசா வருந்தினார். அவர் 2000இல் மறைந்தார்.

வென்றால் ரசிகர் சொல்வது ‘நாம் வென்றோம்’. தோற்றாலோ ‘அவன் கோட்டைவிட்டான்’. தன்மைப் பன்மை படர்க்கை ஒருமையாகிறது. விமர்சனம் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, ‘நாம்’ என்பதிலிருந்து முதலில் வெளியேற்றப்படுபவர் யார் என்பதே வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.