உடுப்புத் தோய்த்த இரண்டு தாய்மாரும் இரண்டு நடனப் பள்ளிக்கூடங்களும்

ஒரு பிள்ளை மேடையில் நல்லா ஆடினால் நாங்கள் வழமையாச் சொல்லுறது இரண்டே இரண்டு கதைதான். ஒன்று, "பிள்ளைக்குப் பிறவியிலேயே வருது." மற்றது, "தாய்க்காரி விடாமல் கொண்டு திரிஞ்சவ, அதுதான்." இரண்டிலும் உண்மை இருக்கு. ஆனால் இரண்டு கதையிலும் ஒரு கேள்வி காணாமல் போகுது: அந்தப் பிள்ளை பழகின எட்டுப் பத்து வருசமும் ஆர் காசு கட்டினது?

இந்தக் கேள்வியைக் கையில வைச்சுக்கொண்டு பலே நடனத்தின்ர வரலாற்றுக்குள்ள போனால், இரண்டு சிறுமிகள் எங்களுக்குக் கிடைக்கினம். ஒருத்தி பாரிஸில், மற்றவள் சென் பீற்றர்ஸ்பேர்க்கில். இரண்டு பேருக்கும் தகப்பன் பக்கத்தால் உதவி இல்லை. இரண்டு பேரின்ர தாய்மாரும் ஊராரின் உடுப்புத் தோய்த்துப் பிழைத்தவர்கள்.

முதலாவது சிறுமி மரி வான் கூத்தெம். 1865 இல் பாரிஸில் பிறந்தவள். பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள். தகப்பன் தையற்காரர், அவர் இறந்தபின் தாய் சலவை வேலை செய்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தார். 1878 இல் மரி பாரிஸ் ஒபேராவின் நடனப் பள்ளியில் சேர்ந்தாள். அது சின்னப் பள்ளிக்கூடம் இல்லை. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1713 இல் தொடங்கியது. அங்கே பழகும் ஏழைச் சிறுமிகளைப் பாரிஸ்காரர் "குட்டி எலிகள்" என்று கூப்பிட்டார்கள்.

தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டதற்குக் கலையார்வம் மட்டும் காரணம் என்று நினைக்கக்கூடாது. குட்டி எலிகளுக்குச் சின்னதாய் ஒரு சம்பளம் இருந்தது. வீட்டு வாடகைக்கு அது உதவும். ஆனால் வகுப்புக்கு வராவிட்டால் குற்றப்பணம். வாரத்தில் ஆறு நாள் பயிற்சியும் ஒத்திகையும், இரவில் மேடை. இதுக்கிடையில் காசு போதாமல், ஓவியர்களுக்கு முன்னால் மணிக்கணக்காய் நின்று மாதிரியாக வேலை செய்தாள் மரி. அப்படி அவளை வைத்து எட்கார் தெகா செய்த மெழுகுச் சிலைதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த "பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி". ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம், உண்மையான துணிப்பாவாடை, தலைமுடியில் ரிபன். 1881 இல் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் காட்சிக்கு வைத்தபோது சில விமர்சகர்கள் அவளின் முகத்தைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின்ர முகத்தைப் பற்றி, வளர்ந்த ஆம்பிளையள், பத்திரிகையில்.

அடுத்த வருசம், 1882 இல், வகுப்புகளைத் தவறவிட்டதற்காக மரி ஒபேராவிலிருந்து நீக்கப்பட்டாள். அதே வருசம் அவளின் தமக்கை திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனாள். கடைசித் தங்கை லூயிஸ்-ஜோசபின் மட்டும் தாக்குப்பிடித்து ஒபேராவின் நடனக்காரியாகி, பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனாள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே பள்ளி. மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று முடிவு. ஆகவே "தாய் ஒழுங்கா வளர்த்திருந்தால்" என்ற கதை இங்கே எடுபடாது.

பாரிஸ் சமூகம் ஆனாலும் தாயைத்தான் குற்றம் சொன்னது. அந்தக் காலத்து ஒபேராவில் 'அபொனே' என்று சொல்லப்பட்ட பணக்காரச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த நடனக் கூடத்துக்குள் போய், சிறுமிகளோடு கதைக்கவும் அவர்களைத் தங்கள் "ஆதரவுக்கு" எடுக்கவும் அவர்களுக்கு வழி விடப்பட்டிருந்தது. 1875 இல் திறந்த புதிய ஒபேரா மாளிகையிலும் அதற்கென்று பொன்முலாம் பூசிய கூடம் ஒன்று கட்டினார்கள். ஆனால் லுதோவிக் அலேவி எழுதிய பிரபலமான "கார்தினால் குடும்பம்" கதைகளில் கேலிக்கு ஆளாவது யார்? மகள்மாரைப் பணக்காரரிடம் சேர்த்து வைக்கப் பார்க்கும் தாய். கூடத்தைக் கட்டினவனைப் பார்த்துச் சிரிக்கிறது குறைவு. வாடகைக்கு வழியில்லாத தாயைப் பார்த்துச் சிரிக்கிறது லேசு.

இப்ப இரண்டாவது சிறுமி. மரியின்ர சிலை கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற அதே 1881 இல் பிறந்தவள். பெயர் அன்னா பாவ்லோவா. குறைமாதப் பிள்ளை, அடிக்கடி நோய். நகரத்துக்கு வெளியே லிகொவோ என்ற இடத்தில் அம்மம்மாவோடு வளர்ந்தாள். தாய் லியுபோவ், சலவைக்காரி. ஒரு முறை மகளைச் சந்தோசப்படுத்த மரின்ஸ்கி அரங்குக்கு "உறங்கும் அழகி" பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே பிள்ளை முடிவெடுத்துவிட்டாள், தானும் அப்படி ஆடவேணும் என்று. ஒன்பது வயதில் தேர்வுக்குப் போனபோது வயது காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1891 இல், பத்து வயதில், பேரரசு நடனப் பள்ளி அவளை எடுத்தது.

இந்தப் பள்ளியின்ர கதை வேறு. 1738 இல் அன்னா பேரரசியின் காலத்தில், ஜான்-பத்தீஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சு ஆசிரியர் தொடங்கியது. முதல் மாணவர்களே அரண்மனை வேலைக்காரரின் பிள்ளைகள்தான். பாவ்லோவாவின் காலத்தில், தேர்வாகி நிலைத்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடுப்பு, இருப்பிடம், பாடசாலைப் படிப்பு, வைத்தியம் எல்லாம் அரச திறைசேரியின் செலவு. படித்து முடித்தால் பேரரசு அரங்கில் வேலை. வேலைக்காலம் முடிய ஓய்வூதியம்.

இந்த ஏற்பாடு ஒரு பிள்ளைக்கு என்ன குடுத்தது? நேரம். பாவ்லோவாவுக்கு மெலிந்த உடம்பு, பலமில்லாத கணுக்கால். அந்தக் காலத்தில் மதிக்கப்பட்டது இத்தாலிய நடனக்காரிகளின் உருண்டு திரண்ட உறுதியான உடற்கட்டு. கூடப் படிச்ச பிள்ளைகள் அவளை "விளக்குமாறு" என்று பட்டம் தெளித்தார்கள். வீட்டு வாடகை அவளின்ர காலில் தங்கியிருந்திருந்தால் இரண்டு வருசத்தில் நிறுத்தியிருப்பார்கள். பள்ளியோ எட்டு வருசம் பொறுத்திருந்தது. பாவெல் கெர்ட், கிறிஸ்டியன் யொஹான்சன் போன்ற ஆசிரியர்கள் அவளைப் பழக்கினார்கள். 1899 இல் படித்து வெளியேறினாள், 1906 இல் முதன்மை நடனக்காரி ஆனாள்.

சார் மன்னன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் திறைசேரிக் காசு குடியானவர்களின் வயிற்றிலிருந்து வந்தது. பள்ளிக்குள் மடத்துக் கட்டுப்பாடு. இளவரசர்களின் ஆதரவில் உயர்ந்த மத்தில்டா க்ஷெசின்ஸ்காயா போன்றவர்கள் பீற்றர்ஸ்பேர்க்கிலும் இருந்தார்கள். 1905 புரட்சி நேரம் நடனக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்களுக்கென்று குரல் கேட்டபோது, அவர்கள் தெரிவு செய்த பிரதிநிதிகளில் பாவ்லோவாவும் ஒருத்தி. அரசின்ர சோற்றில் வளர்ந்தவள், அரசிடம் உரிமையும் கேட்டாள்.

தாய்மாரின்ர பங்கும் சின்னதில்லை. பாவ்லோவாவுக்குப் பிறகு அதே பள்ளிக்கு வந்த தமாரா கர்சாவினாவின் தகப்பன் தானே நடனக் கலைஞர். தொழிலில் பட்ட கசப்பால் மகள் ஆடுவதை விரும்பவில்லை. தாய்தான் அவருக்குத் தெரியாமல், ஓய்வுபெற்ற நடனக்காரியான ஒரு குடும்ப நண்பியிடம் மகளைப் பழக விட்டார். விசயம் தெரிந்தபின் தகப்பனே ஆசிரியராகினார். தாயின்ர துணிவு கதவைத் திறந்தது. திறந்த கதவுக்குப் பின்னால் கட்டணம் இல்லாத ஒரு பள்ளி இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கதை முடியும்.

இதுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பே இருக்கு. 1928 இல் பாவ்லோவா பம்பாயில் ஆடியபோது ருக்மிணி தேவி அருண்டேல் அதைப் பார்த்தார். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் நண்பிகளானார்கள். பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பலே பழகினார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று அவரைத் தூண்டியது பாவ்லோவாதான். 1935 இல் அடையாறில் ருக்மிணி தேவியின் மேடையேற்றம், 1936 இல் கலாக்ஷேத்திரா. அங்கே போய்ப் பழகித் திரும்பிய ஈழத்து ஆசிரியர்களிடம் பழகினவர்கள் எங்களுக்குள்ளேயே எத்தனை பேர்!

ஆனால் கப்பலில் வந்த கதையில் ஒரு பகுதி விடுபட்டுப் போச்சு. தமிழ்நாட்டில் அதுவரை இந்த ஆட்டத்தைக் காத்தது இசை வேளாளர் வீடுகள். 1925 இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதிக்கு வீடே பள்ளிக்கூடம். பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாட்டுக்காரி. சமூகம் அந்தக் குடும்பங்களைத் தூற்றிய காலத்தில் மகள் பக்கம் நின்றவர் ஜெயம்மாள். ஆட்டம் மேல்சாதி நடுத்தர வர்க்க வீடுகளுக்கு வந்தபோது மரியாதை கூடவே வந்தது. கட்டணமும் கூடவே வந்தது.

இப்ப எங்கட நாட்டைப் பாருங்கோ. 1945 இலிருந்து இலவசக் கல்வி இருக்கு. பாடசாலையில் நடனம் ஒரு பாடம். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், இரண்டிலும் காசு கட்டாமல் பட்டம் எடுக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாடசாலையில் கிழமைக்கு இரண்டு மூன்று பாடவேளை பழகி ஒருத்தரும் நடனக்காரி ஆகிறதில்லை. உண்மையான பயிற்சி பின்னேர வகுப்பில், மாதக் காசுக்கு. பிறகு உடுப்பு, சலங்கை, சோதனைக் கட்டணம். கடைசியில் அரங்கேற்றம்: மண்டபம், நட்டுவாங்கம், பக்கவாத்தியம், ஒப்பனை, அழைப்பிதழ், வீடியோ, வந்தவைக்குச் சாப்பாடு. கலியாண வீடு மாதிரி. வெளிநாட்டில் ஒரு மாமா இல்லாத வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. எங்கட ஊர்களில் உடுப்புத் தோய்க்கிறது வெறும் தொழில் இல்லை, அது ஒரு சாதியின்ர தலையில் கட்டப்பட்டது. பாவ்லோவாவை ரசிக்கிற நாங்கள், ஒரு சலவைத் தொழிலாளியின்ர மகள் எங்கட ஊர் நடன வகுப்பில் முன்வரிசையில் நிற்கிறதை எத்தனை தரம் கண்டிருக்கிறம்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை? வன்னியில் பின்னேர பஸ் ஐந்து மணிக்கே நின்றுபோற கிராமத்துப் பிள்ளை?

பள்ளிக்கூடத்து நடன ஆசிரியருக்குப் பின்னேரமும் சம்பளம் குடுத்து வகுப்பு வைக்கலாம். சலங்கையும் உடுப்பும் பாடசாலைச் சொத்தாக இருக்கலாம், கிரிக்கெட் மட்டை இருக்கிற மாதிரி. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கு அனுப்புற காசில் ஒரு பங்கை ஒரு பிள்ளையின்ர எட்டு வருசத்துக்கு ஒதுக்கலாம். வருசத்துக்கு ஒருக்கால், ஒரே மேடையில், ஒரே பக்கவாத்தியத்தோடு பத்துப் பிள்ளைகளின் அரங்கேற்றத்தைச் சேர்த்து நடத்தலாம். இதுக்கெல்லாம் பேரரசி தேவையில்லை. கணக்குப் புத்தகம் ஒன்றும், "அந்தப் பிள்ளைக்கும் குடுப்பம்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்ல ஒரு ஆளும் போதும்.