பரிசிலிலிருந்து உரிமைக்கு: கல்லூரி விளையாட்டு வீரர்க்கான நியாயமும் பாலவனத்தம் தரும் வரலாற்றுப் பாடமும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி விளையாட்டு வீரர்க்கு ஊதியம் வழங்கலாமா என்னும் விவாதம் அமெரிக்காவில் நீதிமன்றங்களின் வழியே ஒரு திருப்பத்தை எட்டியுள்ளது. தமிழகத்தில் அவ்விவாதம் இன்னும் உருத்திரளவில்லை. இங்குக் கல்லூரி வீரர் பெறுவன பெரும்பாலும் ‘பரிசில்’ என்னும் கருத்தாக்கத்துக்குள் அடங்கிவிடுவதே இதற்குக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர் தனிமனிதக் கொடையை நிறுவனமாக மாற்றிய வரலாற்றை ஒப்புநோக்கி, பயிலும் காலத்து உதவித்தொகையும் காயத்துக்கான இழப்பீடும் கல்லூரி வீரரின் உரிமைகளாக வகுக்கப்பட வேண்டிய தேவையை இது நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: பரிசில், ஊதியம், கல்லூரி விளையாட்டு, பாலவனத்தம், பாண்டித்துரைத் தேவர், உதவித்தொகை, இழப்பீடு.

முன்னுரை

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடைப்பட்ட பாலவனத்தம், தமிழாய்வாளர்க்கு அறிமுகம் வேண்டாத ஊர். நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் (1867–1911) இவ்வூர் ஜமீன்தார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை உள்ளடக்கிய இந்நிலம் வானம் பார்த்த பூமி. 2018இல் நடுவணரசின் நிதி ஆயோக், வளர்ச்சியை விழையும் மாவட்டங்களாகத் தமிழகத்தில் தேர்ந்த இரண்டனுள் விருதுநகர் ஒன்று, மற்றது இராமநாதபுரம். 1985இல் பிரிக்கப்படும்வரை இவ்விரண்டும் ஒரே மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன.

இத்தகைய நிலத்திலிருந்து கல்லூரிக்கு வந்து, பல்கலைக்கழக அணிக்காக ஓடவும் கபடி ஆடவும் செய்யும் மாணவர்க்கு அந்த உழைப்பின் பொருட்டு உரியது யாது? இவ்வினாவை விளையாட்டுத்துறை சார்ந்ததாக மட்டும் கருதிவிட இயலாது. திறமையை ஒரு சமூகம் எவ்வாறு பேணுகிறது என்னும் பழைய வினாவின் புதிய வடிவம் இது.

பரிசில், ஊதியம்: இரு சொற்கள்

சங்கப் பாடல்களில் புலவரும் பாணரும் பொருநரும் பெற்றது பரிசில். அதன் அளவையும் காலத்தையும் முடிவு செய்பவர் புரவலர். ஆயினும் அம்மரபு, பெறுபவரை வாயற்றவராக விடவில்லை. பரிசில் தரக் காலம் தாழ்த்தும் புரவலரிடம் தம் நிலையை எடுத்துரைத்து வேண்டுவதற்குப் ‘பரிசில் கடாநிலை’ எனத் தனித்துறையே வகுக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. தகுதியறிந்து மதித்தலே கொடையின் உயிர் என்னும் கோட்பாடு அங்கு நிலைபெற்றிருந்தது.

ஊதியம் என்னும் சொல் குறளில் ஆதாயம் என்னும் பொருளில் ஆளப்பட்டு, பிற்காலத்தில் உழைப்புக்குரிய கூலியைக் குறிக்கலாயிற்று. பரிசில் கொடுப்பவரின் பெருமையைச் சுட்டும். ஊதியம் பெறுபவரின் உரிமையைச் சுட்டும். கல்லூரி வீரர் குறித்த இன்றைய உரையாடலின் குழப்பம் இவ்விரு சொற்களுக்கும் இடையிலேயே கிடக்கிறது.

கொடையிலிருந்து நிறுவனத்துக்கு

புலவர்களைத் தனித்தனியே ஆதரிப்பது பாலவனத்தம், இராமநாதபுரம் அரண்மனைகளுக்குப் புதிதன்று. பாண்டித்துரைத் தேவரின் தனிச்சிறப்பு, அக்கொடையை நிறுவனமாக்கியதில் உள்ளது. 1901 செப்டம்பரில் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவப்பெற்றது. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, ‘செந்தமிழ்’ இதழ், அச்சுக்கூடம் ஆகியன அதன் உறுப்புகளாயின. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகள் வகுக்கப்பட்டன.

இம்மாற்றத்தின் வரலாற்றுப் பொருள் பெரிது. அரண்மனை வாயிலில் காத்திருந்த புலவர்க்குப் புரவலரின் மனநிலையே அளவுகோல். தேர்வெழுதிய மாணவர்க்கோ அறிவிக்கப்பட்ட பாடத்திட்டமே அளவுகோல். தேறியவர் பட்டத்தைக் கேட்டுப் பெறலாம். தேவர் 44ஆம் வயதில், 1911 டிசம்பரில் மறைந்தார். தனிமனிதக் கொடையாக மட்டும் இருந்திருப்பின் அவரோடு அது முடிந்திருக்கும். நிறுவனமாக இருந்தமையால் சங்கம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. கல்விக்கு நிகழ்ந்த இம்மாற்றம் கல்லூரி விளையாட்டுக்கு இன்னும் முழுமையாக நிகழவில்லை என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

‘மாணவ வீரர்’ என்னும் சொல்லின் பிறப்பு

தமிழகத்தில் கல்லூரி விளையாட்டு, ‘அமெச்சூர்’ எனப்படும் ஊதியமில்லா விளையாட்டுக் கோட்பாட்டுடன் வேரூன்றியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஊதியத்துக்கு ஆடுவது விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்பது அன்றைய ஒலிம்பிக் இயக்கத்தின் நம்பிக்கை. இக்கோட்பாட்டின் வர்க்கச் சார்பை இங்கிலாந்துக் கிரிக்கெட் வெளிப்படையாகக் காட்டியது. அங்கு ஊதியம் பெறாதோர் ‘கனவான்கள்’, பெறுவோர் ‘ஆட்டக்காரர்கள்’ என்னும் பாகுபாடு 1962 வரை நீடித்தது. உழைத்து உண்ண வேண்டியவர்க்குத் தூய்மை எட்டாத பொருளாயிற்று.

இதற்கு ஆளானவர்களுள் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப் முதன்மையானவர். கார்லைல் பள்ளி மாணவரான இவர் 1912 ஒலிம்பிக்கில் இரு தங்கங்கள் வென்றார். முன்னர்க் கோடைக்காலங்களில் சிறு தொகை பெற்று பேஸ்பால் ஆடியதற்காக 1913இல் அவை பறிக்கப்பட்டன. தென்மாவட்ட ஊர்களில் பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி நடைபெறும் கபடிப் போட்டிகளில், ரொக்கப் பரிசைக் கல்லூரி மாணவரும் தம் ஊர் அணியினரோடு பங்கிட்டுக்கொள்வது இயல்பு. தோர்ப்புக்கு விதிக்கப்பட்ட அளவுகோலால் அளந்தால் அவர்கள் அனைவரும் குற்றவாளிகளே. அவ்வளவுகோல் எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அமெரிக்கக் கல்லூரிகளில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. 1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி மாணவர் ரே டென்னிசன், காற்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கோரிய அவர்தம் மனைவியின் முறையீட்டை 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் நிராகரித்தது; கல்லூரி காற்பந்துத் தொழில் நடத்தவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. இத்தகைய வழக்குகளை எதிர்கொள்ளவே ‘மாணவ வீரர்’ என்னும் சொல்லாட்சி அக்காலத்தில் பரப்பப்பட்டதெனத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் (என்.சி.ஏ.ஏ.) தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் தம் 1995ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டார். மாணவர் என்னும் மதிப்புமிக்க சொல், இழப்பீட்டை மறுக்கும் கருவியாயிற்று.

2021 ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் முதல் வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்ட வழி திறந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பெற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரர்க்கு நேரடியாகத் தொகை வழங்கலாயின.

தமிழகத்தில் ஊதியத்தின் மாற்றுருவங்கள்

இவ்வமெரிக்கத் தீர்வை அப்படியே தமிழகத்துக்குக் கொணர இயலாது. அங்குக் கல்லூரிக் காற்பந்தும் கூடைப்பந்தும் ஒளிபரப்பு உரிமையால் பெரும் வருவாய் ஈட்டுவன. வருவாயில் பங்கு என்பது அவ்வாதத்தின் அடித்தளம். இங்குப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு அத்தகைய வருவாய் இல்லை.

எனினும், கல்லூரி வீரரால் நிறுவனம் பயனடைவதில்லை எனக் கருதுவது பிழை. தேசியத் தரமதிப்பீட்டுக் குழு (நாக்) கல்லூரிகளை மதிப்பிடும் ஐந்தாம் அளவுகோலில் மாணவர் பெற்ற விளையாட்டு விருதுகளும் பதக்கங்களும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 1956–57 முதல் வழங்கப்பெறும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்குரியது. வருவாயாக வராவிடினும் தரமதிப்பாகவும் புகழாகவும் வீரரின் உழைப்பு நிறுவனத்தைச் சேர்கிறது.

அதற்கு ஈடாக வீரர் பெறுவன காலந்தாழ்ந்த உருவங்களில் வருகின்றன. 1980 ஆகஸ்ட் 4ஆம் நாளிட்ட நடுவணரசின் ஆணை, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியோரையும் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்குத் தகுதியுடையோராக ஏற்றது. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடும், அரசுப்பணிகளில் 3 விழுக்காட்டு ஒதுக்கீடும் உள்ளன. இவை விதியால் வகுக்கப்பட்டவை. அவ்வளவில் பரிசிலினும் மேம்பட்டவை.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் வாழ்க்கை இவ்வழியின் ஆற்றலைக் காட்டும். பெற்றோரை இழந்து, கூலிவேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பெற்ற இவர், தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியவர். பயிற்றுநர் கண்ணனின் முயற்சியால் மதுரை லேடி டோக் கல்லூரியில் பயின்று, தெற்கு ரயில்வேயில் பணிபெற்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஆனால், அவர் கல்லூரியை எட்டியது ஒரு பயிற்றுநரின் கண்ணில் பட்டதால். அத்தகைய கண் வாய்க்காத மாணவரின் நிலையே நியாயம் குறித்த உண்மையான வினா.

பரிசிலின் எல்லையைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராசனின் வரலாறு உணர்த்துகிறது. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அவரது பதக்கம், பாலினச் சோதனையைக் காரணங்காட்டிப் பறிக்கப்பட்டது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. ஆயினும் 2012இல் அவர் செங்கற்சூளையில் கூலிவேலை செய்வது வெளிவந்து நாட்டை அதிரவைத்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராக நிலையான பணி 2016இல்தான் கிடைத்தது. பெருந்தொகையான பரிசில் பத்தாண்டுப் பாதுகாப்புக்கு ஈடாகவில்லை.

வானம் பார்த்த பூமியின் கணக்கு

ஒதுக்கீடு பட்டத்துக்குப் பின் வரும் பயன். பசி பயிற்சிக் காலத்தில் வருவது. பாலவனத்தம் போன்ற ஊரிலிருந்து அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ உள்ள கல்லூரிக்குப் பேருந்தில் சென்று திரும்பும் மாணவர், காலைப் பயிற்சிக்கு விடியுமுன் புறப்பட வேண்டும். முட்டை, பால், காலணி, பயணம் ஆகியவற்றின் செலவு குடும்பத்தைச் சாரும். தறியிலும் பட்டாசுத் தொழிலிலும் கரிமூட்டத்திலும் நாட்கூலி ஈட்டும் குடும்பத்துக்கு, விடுமுறையில் மகனோ மகளோ வேலைக்குச் செல்லாமல் பயிற்சி முகாமுக்குச் செல்வது கண்கூடான இழப்பு. போட்டிக் காலத்துப் பயணப்படியும் தினப்படியும் இவ்விழப்பை ஈடுசெய்வன அல்ல.

காயம் இதனினும் கொடியது. மூட்டுத் தசைநார் அறுந்த கபடி வீரர், ஆட்டத்தை மட்டுமன்றி ஒதுக்கீட்டுக்கு வேண்டிய சான்றிதழையும் இழக்கிறார். உழைப்பின் பயன் முழுவதும் எதிர்காலத்தில் வைக்கப்பட்டிருக்கையில், அவ்வெதிர்காலம் முறியும் இடர் முழுவதையும் அவரே சுமக்கிறார். டென்னிசன் வழக்கு எழுப்பிய வினா அருப்புக்கோட்டை ஆடுகளத்துக்கும் பொருந்துவது இவ்விடத்தில்தான்.

இடைநிலை வகைமைகளும் மறுப்புகளும்

பணம் கல்வியைக் கெடுக்கும். மாணவர் பணியாளர் அல்லர். கல்லூரிக்கு நிதியில்லை என்பன வழக்கமான மறுப்புகள். மூன்றாவது மறுப்பில் உண்மையுண்டு. அதனாலேயே பொறுப்பு கல்லூரியோடு நின்றுவிடாமல் பல்கலைக்கழகத்தையும் அரசையும் சேர வேண்டும். முதல் இரண்டுக்கும் இந்தியச் சட்டமும் வழக்கமும் முன்பே விடையளித்துள்ளன.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளர் அல்லர், பயிற்சி பெறுபவர் என்றே வரையறுத்தது. ஆயினும் அவர்க்கு உதவித்தொகையை வகுத்து, பயிற்சியில் நேரும் காயத்துக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி ஈடளிக்கும் பொறுப்பையும் முதலாளியின்மேல் வைத்தது. கொலராடோ நீதிமன்றம் ஒன்றாக முடிச்சிட்ட இரண்டை இச்சட்டம் பிரித்தது: பணியாளராக இல்லாமலும் இழப்பீட்டுக்கு உரியவராக இருக்கலாம்.

பல்கலைக்கழக வளாகத்திலேயே மற்றொரு சான்றுண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகையாக 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் பெறும் ஆய்வாளர் பணியாளர் அல்லர். அத்தொகை ஆய்வைக் கெடுக்குமென எவரும் கூறுவதில்லை. அதைக் கொடையென்பாரும் இலர். நடுவணரசின் கேலோ இந்தியாத் திட்டத்தில் தேர்வுபெற்ற இளம் வீரர்க்குக் கைச்செலவுக்கென ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் வகுக்கப்பட்டிருப்பது, விளையாட்டிலும் இது இயலும் என்பதற்குச் சான்று. அது மிகச் சிலர்க்கே எட்டுகிறது என்பதே குறை.

முடிவுரை

அமெரிக்க விவாதத்திலிருந்து தமிழகம் கொள்ளத்தக்கது வருவாய்ப் பங்கு அன்று. மாணவர் என்னும் சொல்லைக் கொண்டு பொறுப்பை மறுக்கக்கூடாது என்னும் படிப்பினையே. பல்கலைக்கழக அணியில் இடம்பெறும் ஒவ்வொருவர்க்கும், வென்றாலும் தோற்றாலும், பயிற்சிக் காலத்துக்கான மாத உதவித்தொகை. காயத்துக்கு மருத்துவமும் இழப்பீடும். ஆட்டத்தைத் தொடர இயலாதபோதும் பட்டப்படிப்பை முடிக்கும் உறுதி. முறையீட்டுக்கான ஓர் அமைப்பு ஆகியன விதிகளாக வகுக்கப்பட வேண்டும். இவற்றுள் இறுதியானது, சங்ககாலப் புலவர்க்கு இருந்து இன்றைய வீரர்க்கு இல்லாத ‘கடாநிலை’யின் மீட்பாகும்.

பாண்டித்துரைத் தேவர் பிறரினும் மிகுதியாகக் கொடுத்தாரா என்பது ஆராய்ச்சிக்குரியது. கொடுப்பவர் மறைந்த பின்னும் கொடை நிற்கும் வழியை அவர் வகுத்தார் என்பது வரலாறு. தமிழ்க் கல்விக்கு அவ்வழியை வகுத்தவரின் மண்ணிலிருந்து வரும் கபடி வீரர்க்கும் ஓட்டக்காரர்க்கும் அது உரியதாகும்போதே, பரிசில் உரிமையாக நிறைவுறும்.