சுழியோடியின் முதற் கொள்வனவு

சுழியோடற் சான்றிதழ் பெற்றுவந்த என் மருமகன், எந்த உபகரணத்தை முதலில் வாங்குவது என்று கேட்டான். வரலாற்றையே பதிலாகச் சொன்னேன்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் கல்லையும் கயிற்றையும் அடக்கிய மூச்சையுமே நம்பினர். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் உருவாக்கிய றெகுலேற்றர், சூழ்ந்த நீரின் அழுத்தத்துக்கு ஈடான காற்றை மூச்சிழுக்கும்போது மட்டும் வழங்கியது. ஆயினும் ஆரம்பகாலச் சுழியோடிகள் பலரிடம் அழுத்தமானி இருக்கவில்லை. மூச்சிழுப்பது கடினமானதும், சேமக் காற்றுக்கான பிடியை இழுத்துவிட்டு மேலே வருவார்கள். அப்பிடி ஏற்கெனவே தற்செயலாக இழுபட்டிருந்தால் சேமமும் தீர்ந்திருக்கும். அதை அவர்கள் ஆழத்தில்தான் அறிவார்கள்.

“ஆகவே, கொள்கலனையும் ஈயப் பாரத்தையும் வாடகைக்கு எடு. முகத்துக்குப் பொருந்தும் முகமூடியை முதலில் வாங்கு. அடுத்து, உள்ளூரில் பராமரிக்கக்கூடிய றெகுலேற்றரும் அழுத்தமானியும். நிறத்துக்காகப் பணம் கொடுக்காதே” என்றேன்.