மூட்டுத் தேய்மானமும் மனத்துயரும்: ஓடியாடி வாழ்ந்தோர் நோயறியும் காலம் பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்தனர். மருத்துவர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று குறிப்பிடும் இந்நோய் முழங்காலையே மிகுதியாகத் தாக்குகிறது. நோயாளிகளில் 60 விழுக்காட்டினர் பெண்கள். மாத்திரை, ஊசி, மூட்டு மாற்று அறுவை பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி வீடு திரும்புகிறவரின் மனத்தைப் பற்றிப் பேசுவது அரிது. அவருக்கு வரும் துயரமும் நோயின் ஒரு பகுதியே, அதற்கும் மருத்துவத்தில் இடம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. இழப்பின் இயல்பு

2.1 குலையும் வாழ்க்கைக் கணக்கு

பிரிட்டன் சமூகவியலாளர் மைக்கேல் பரி, முடக்குவாத நோயாளிகளிடம் உரையாடி 1982இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நீடித்த நோய் உடலோடு நிற்பதில்லை. ஒருவர் நாளையைப் பற்றிப் போட்டுவைத்த கணக்கையும், தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தையும் சேர்த்தே குலைக்கிறது என்றார். மூட்டுத் தேய்மானம் உள்ள முதியோரிடம் கரோலின் சாண்டர்ஸ் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுட்பமாக்கியது. “வயதானால் வருவதுதான்” என்று இயல்பாகச் சொன்ன அதே மனிதர்கள், அன்றாட வாழ்வு சிதைந்ததையும் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகும் உறவினர்களே நம்மிடையே அதிகம்.

2.2 தரையை இழத்தல்

தமிழர் வாழ்வில் இந்நோய் முதலில் பறிப்பது தரையை. பந்தியில் இலை முன் சம்மணமிட்டு உட்காருவது, வாசலில் குனிந்து கோலமிடுவது, சன்னதியில் விழுந்து வணங்குவது, தொழுகையில் நெற்றி நிலம்பட ஸஜ்தா செய்வது, தேவாலயத்தில் முழந்தாளிடுவது, பேரக்குழந்தையோடு தரையில் விளையாடுவது என எல்லாம் முழங்கால் மடங்குவதை நம்பியவை. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த ஒரு பெண்ணுக்கு, அது உடற்பயிற்சி அல்ல; வேண்டுதல், தோழியர் துணை, வீட்டுப் பொறுப்பிலிருந்து ஓர் இரவு விடுதலை. “இனி நடக்காதீர்கள்” என்ற ஒரே சொல்லில் இம்மூன்றும் போய்விடுகின்றன. கட்டோ ஊன்றுகோலோ இல்லாததால் பிறர் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. கல்யாண வீட்டில் அவர் நாற்காலி தேடும்போது சோம்பல் என்றுகூட நினைப்பார்கள்.

2.3 வயது என்னும் சமாதானம்

முதுமையோடு மட்டும் இதைப் பொருத்திப் பார்ப்பது பொருந்தாது. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, 2015இல் பாட்மிண்டன் தரவரிசையில் உலகின் முதலிடத்தை எட்டிய சாய்னா நேவால், தம் முழங்காலில் ஆர்த்ரைட்டிஸ் இருப்பதையும் குருத்தெலும்பு மோசமாகிவிட்டதையும் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 34.

3. குற்ற உணர்வும் அச்சமும்

“ஓடி ஓடி நானே தேய்த்துக்கொண்டேனா?” என்ற கேள்வி பலரைத் தூங்கவிடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பிலோ முழங்காலிலோ இந்நோய் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே வாழ்வோரில் இது 10.2 விழுக்காடு. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுவோரிடம் 13.3 விழுக்காடு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பழைய மூட்டுக் காயம், உடல் எடை, பரம்பரை ஆகியவையும் காரணங்கள். காலையில் பூங்காவில் நடந்தவர் தன்னைத் தானே நொந்துகொள்ள இதில் எதுவும் இல்லை.

அச்சம் குற்ற உணர்வைவிடக் கெடுதலானது. அசைத்தால் இன்னும் தேயும் என்று எண்ணிக் காலை நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். ஆனால் மூட்டில் தேயும் குருத்தெலும்புக்கு இரத்த நாளம் கிடையாது. எடை விழுந்து விலகும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய்வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. முற்றான ஓய்வில் அந்த ஊட்டம் குறைகிறது, தொடைத் தசை மெலிகிறது, வலி கூடுகிறது, மனம் மேலும் சோர்கிறது. எக்ஸ்ரேயில் உள்ள நிலை எண்ணும் ஒருவரின் வலியும் பலநேரம் ஒத்துப்போவதில்லை. ‘மூன்றாம் நிலை’ என்று எழுதியிருப்பதைத் தீர்ப்பாகப் படிக்கக் கூடாது.

4. மீளும் வழிகள்

4.1 துக்கத்துக்கு இடம்

எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய துக்கத்தின் ஐந்து நிலைகள் மரணத்தை நெருங்கியோரிடம் பேசிப் பெற்றவை. படிப்படியாக ஏறி முடித்துவிடும் ஏணியாக அவற்றை இங்கே பொருத்தலாகாது. இந்நோயில் துக்கம் திரும்பத் திரும்ப வரும். ஒரு பண்டிகை, ஒரு படிக்கட்டு போதும். அழுகை வருவது பலவீனமல்ல.

4.2 தன்னால் முடியும் என்ற நம்பிக்கை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் கேட் லோரிக் ஆர்த்ரைட்டிஸ் நோயாளிகளுக்கான பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்றவர்களே அவற்றை நடத்தினர். அவர்களில் பலர் தாமே நோயாளிகள். பலனை ஆராய்ந்தபோது, சொல்லிக்கொடுத்த பழக்கங்களை எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதைவிட, நோயைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்ததோடுதான் முன்னேற்றம் நெருங்கிப் பொருந்தியது. மனத்தை மருத்துவத்துக்கு வெளியே நிறுத்துவோருக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

4.3 அசைவும் அளவும்

பிரிட்டனில் சிகிச்சைத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையே முதன்மைச் சிகிச்சைகளில் வைக்கிறது. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லவும் சொல்கிறது. எடை அதிகமுள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

சுறுசுறுப்பாக வாழ்ந்தவருக்கென்று ஓர் ஆபத்து உண்டு. வலியில்லாத நாளில் பழைய வேகத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, அடுத்த நாள்களைப் படுக்கையில் கழிப்பார். நடையை வலியால் அளக்காமல் கடிகாரத்தால் அளப்பது நல்லது. மாற்று தேடும்போது, இழந்த செயல் தனக்கு என்ன தந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தோழமை தந்ததென்றால் தனியே மிதிக்கும் சைக்கிள் அதை ஈடுசெய்யாது; நண்பர்களோடு நீச்சல் ஈடுசெய்யலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம்.

5. வேண்டுகோள்

மருத்துவர்களே, “வயதாகிவிட்டது, படி ஏறாதீர்கள்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “எதை விட வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறீர்கள்?” என்று கேளுங்கள். எதைத் தொடரலாம் என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களே, அடுத்த முறை கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போகும்போது அவரை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அவர் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.